ஞாயிறு நாலு மணி

வில்லிவாக்கத்தில் மூன்று சாவிகள் வெட்டினோம்.
ஒன்று நிவேதனுக்கு, ஒன்று அப்சலுக்கு,
ஒன்று பகலில் வந்து போகும் ஜெசிந்தாவுக்கு.
எல்லோரும் படியிறங்கிய பிறகு
கடைக்காரரிடம் நான்காவதாக ஒன்று கேட்டேன்.
மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டுக்கொண்டேன்.
வீட்டில் வசந்தகுமாரிக்குக்கூடச் சொல்லவில்லை.

ஐ.சி.எஃப்பில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டர்.
ஒரு நூல் பிசகினால் கதவு அடையாது,
பெட்டி கிளம்பாது.
எழும்பூரில் ஒரு டாக்டர்
ஆட்டிசம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்த நாள்முதல்
அதே கையோடு வீட்டையும் அளந்து வைத்தேன்.
மிக்ஸி ஓடுமுன் சொல்லிவிட்டு ஓட்டினேன்.
புதுச் சட்டையென்றால் கழுத்து லேபிளை
வெட்டிவிட்டுத்தான் கொடுப்பேன்.

"கத்தரிக்கோலை அவர் கையில் கொடுத்ததே இல்லையா சார்?"
என்றாள் ஜெசிந்தா.
கேள்வி அப்புறம்தான் உறைத்தது.
முதலில் காதில் விழுந்தது
அந்த 'அவர்'.
இருபத்தாறு வயது என் மகனை
யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டாவது மாடி. ஒரு ஹால், இரண்டு அறை.
விசில் சத்தம் நிவேதனுக்கு ஆகாது, பால்கனிக்குப் போய்விடுவான்.
அப்சல் மூன்று எண்ணி அடுப்பை அணைப்பான்.
கூட்டமான கடை அப்சலுக்கு ஆகாது.
அதற்கு நிவேதன் போவான்,
பாக்கிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணி,
பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்ட.
கரண்டு பில்லை இருமுறை கட்டினான்.
ஒரு பாத்திரம் அடிப்பிடித்து இனி ஆகாது என்றாகிவிட்டது.
எங்கள் வீட்டிலும் பிடித்திருக்கிறது,
யாரும் எனக்கு ரிப்போர்ட் எழுதியதில்லை.

ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாளில்
பால்: நீலம்.
நீலம் இல்லையென்றால் பச்சை.
பச்சையும் இல்லையென்றால்
என்று எழுதி நிறுத்தியிருந்தாள் ஜெசிந்தா.
மீதியை நான் எழுதப் போனேன்.
"அது அவர் எழுத வேண்டியது," பேனாவை வாங்கிக்கொண்டாள்.

பல வாரம் காலியாகக் கிடந்தது அந்த வரி.
பெருமழைக்கு மறுநாள் பூத்துக்கு வண்டி வரவில்லை.
ஷட்டர் முன்னால் முக்கால் மணி நேரம்
காதைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறான்,
ஹ்ம்ம் ஹ்ம்ம் என்று அவனுக்கான அந்த ஒலியோடு.
யாரோ வீடியோ எடுத்தார்களாம்.
பிறகு தானே திரும்பி, தானே மாடியேறி,
எழுதியிருந்தான்:
லெமன் டீ. அப்சலுக்குச் சர்க்கரை இரண்டு.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது
நாலு நாள் கழித்து.
நாலு நாள்!
எங்களுக்கப்புறம் என்ற பேச்சை
விளக்கணைத்த பிறகுதான் பேசுவோம் நானும் வசந்தாவும்.
அன்றிரவு அவள் பேசவில்லை.
புரண்டு புரண்டு படுத்தது நான்.

வியாழன். கீரைக்குழம்பு டப்பாவோடு போனேன்.
மணி அடிக்கவில்லை.
கூட்டிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தான்.
என் முகத்தைப் பார்க்கவில்லை,
கையைப் பார்த்தான்.
"இன்னிக்கு வியாழன்.
அப்பா ஞாயிறு நாலு மணி."
சும்மா இந்தப் பக்கம் வந்தேன்டா என்றேன்.
"சாவி மூணு," என்றான்.
கையை நீட்டினான்.

பொய் சொல்லத் தெரியாதவன் முன்னால்
பொய்யை எங்கே வைப்பது.
கொடுத்தேன்.

"டப்பா வேண்டாம். இன்னிக்கு உப்புமா."
கதவைச் சாத்தினான்.
நிலையில் ஒரு நூல் இடைவெளி இல்லை.
படியில் உட்கார்ந்து
கீரைக்குழம்பை விரலால் தொட்டு நக்கினேன்.
கீழ்வீட்டு அம்மா ஏதும் கேட்காமல் தாண்டிப் போனார்.

ஞாயிறு மூன்று ஐம்பதுக்கே போய்விட்டேன்.
தெருமுனைவரை நடந்து
ஒரு பூட்டிய கடையின் போர்டைப் படித்துவிட்டு
நாலுக்கு மணி அடித்தேன்.

"யாரு?" என்று உள்ளே குரல்.
தொண்டையைச் செருமிக்கொண்டு
பேரைச் சொன்னேன்.